பாளையும் கலயமும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

இந்நன்னாளில் நம் மண்ணைப் பாடிய பழம்பாட்டொன்றை நினைவுகூர விரும்புகிறேன். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடுகிறது. அதில் வரும் கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்பர் ஆய்வாளர். அக்கடற்கரையில் நுளையர் வீட்டுப் பெண் வடித்த முதிர்ந்த தேறலும் சுட்ட மீனும் பாணர்க்குக் கிடைக்கும் என்கிறார் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார்.

இப்பகுதியை நான் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், மாணவி ஒருத்தி எழுந்தாள். "அம்மா, குடியால் தகப்பனை இழந்த வீட்டிலிருந்து நான் வருகிறேன். இந்தத் தேறலை எப்படி நயந்து படிப்பேன்?" என்றாள். எனக்கு விடை எழவில்லை. தேறல் என்பது கள்ளின் தெளிவு என்னும் உரைக்குறிப்புக்கு அப்பால் அப்பொருளைப் பற்றி நான் ஒன்றும் அறியேன் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். முனைவர் பட்டம் அங்கே துணை நிற்கவில்லை.

விடை தேடி, திண்டிவனத்தை அடுத்த ஒரு சிற்றூரில் மரமேறும் முதியவர் ஒருவரைக் கண்டேன். தை பிறந்தால் அவர் பணி தொடங்கும். பாளையை மரக்கிட்டியால் இடுக்கிப் பதப்படுத்துவார். காலையும் மாலையும் ஏறி நுனியை மெல்லிதாகச் சீவிக் கலயம் கட்டுவார். அவர் இறக்கும் பதநீரை மனைவி காய்ச்சிப் பனைவெல்லம் ஆக்குவார். கள்ளுக்கும் பதநீருக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டேன். "உள்ள சுண்ணாம்பு தடவினா பதநீர், தடவாட்டி கள்ளு. அவ்வளவுதாம்மா" என்றார்.

அச்சொல்லுக்குள் ஓர் அறிவியலே அடங்கியுள்ளது. பாளையிலிருந்து சொட்டும் இனிய சாற்றில், காற்றிலும் கலயத்திலும் வாழும் ஈஸ்ட் முதலிய நுண்ணுயிர்கள் அப்போதே வேலையைத் தொடங்கிவிடும். அவை இனிப்பைச் சாராயமாகவும் கரிவளியாகவும் மாற்றும். சுண்ணாம்பின் காரம் அவற்றைத் தடுக்கும். தடையில்லாவிடில் சில மணி நேரத்தில் கள் நுரைத்தெழும், மறுநாள் புளிக்கும், பின் காடியாகும். மனிதன் புறத்தேயிருந்து எதையும் சேர்ப்பதில்லை. கலயத்தில் பழைய வண்டல் சிறிது எஞ்சினால், அதுவே புதிய கள்ளுக்கு உறையாகும்.

இன்று மேலைநாட்டார் இதனையே பெரும் கலையாகப் பேசுகின்றனர். பிரான்சு நாட்டில் மார்செல் லாப்பியேர் போன்ற சிறு தோட்டக்காரர்கள், திராட்சைத் தோலில் இயல்பாகவே உள்ள ஈஸ்ட்டை மட்டும் நம்பி மது வடித்தனர். கந்தகம் சேர்ப்பதை விலக்கினர், அல்லது மிகக் குறைத்தனர். 1924-இல் ருடால்ஃப் ஸ்டெய்னர் வேளாண்மை குறித்து எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவர் வழி நடப்போர் பசுக்கொம்பில் சாணம் அடைத்துக் குளிர்காலம் முழுதும் மண்ணில் புதைத்து, பின்னர் நீரில் கரைத்து நிலத்தில் தெளிக்கின்றனர். அம்முறையின் பயனை அறிவியல் முழுதும் ஏற்கவில்லை. எனினும் தோட்டத்தை ஓர் உயிராகக் காணும் அவர்தம் கண்ணோட்டம் உலகெங்கும் மதிக்கப்பெறுகிறது. அங்கே அத்தொழிலுக்கு நூல்கள் உண்டு, பெயர் உண்டு, பெருமிதம் உண்டு. நம் மரமேறிக்கு எஞ்சியிருப்பது தழும்பேறிய மார்பு ஒன்றே.

தமிழகத்தில் கள் இறக்குவது 1987 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. எல்லை தாண்டிப் புதுவை மண்ணில் கால் வைத்தால் அதற்கு அனுமதி உண்டு. மரம் ஒன்றே, சட்டம் இரண்டு. அத்தடையை நீக்குக என்று வாதாட நான் இங்கு வரவில்லை. கள்ளாலும் குடிகள் கெட்டதுண்டு. அதனாலன்றோ வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார்! என் கவலை சொல்லைப் பற்றியது.

2023 மே மாதம், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நத்தத்தனார் தேறல் கண்ட அதே நெய்தல் நிலம்! மறு ஆண்டு சூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மெத்தனால் ஆலைப் பயன்பாட்டுக்குரிய நஞ்சு. எந்தப் பாளையிலும் அது சுரந்ததில்லை. கள்ளச்சாராயம் என்னும் சொல்லில் உள்ள 'கள்ள' என்பது களவைக் குறிப்பது, கள்ளைக் குறிப்பதன்று. ஒலி ஒன்றியதால் பழி பனைமேல் விழுகிறது.

மீண்டும் வகுப்புக்குச் சென்று அம்மாணவியிடம் சொன்னேன்: "இப்பாட்டு உன்னைக் குடிக்கச் சொல்லவில்லை, அம்மா. வழிப்போக்கனுக்குக் கிடைத்த தேறலை வடித்த ஒரு பெண்ணின் கையைக் காட்டுகிறது. அந்தக் கையை நீ நயக்கலாம், தேறலை வெறுக்கலாம். இரண்டுக்கும் உனக்கு உரிமை உண்டு." அவள் முழுதும் ஏற்றாள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவ்வரிகளைத் தானே உரக்கப் படித்தாள்.

கவிஞர்களே! 1889-இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சேற்றியது ஓலை ஏடுகளிலிருந்து. நம் இலக்கியத்தைச் சுமந்ததும் பனையே. 1978-இல் அதனை மாநில மரமாக்கினோம். ஆனால் பாளை, கலயம், தளை, கிட்டி, வண்டல் என அதனைச் சூழ்ந்த சொற்கள், ஏறும் கால்கள் குறையக் குறைய மறைகின்றன. ஆதலின் ஒரு வேண்டுகோள். நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் இக்கோடைக்குள் ஒரு மரமேறியைக் கண்டு, அவர் வாய்ச்சொற்கள் பத்தினை எழுதி வாருங்கள். அடுத்த மலரில் நம் கவிதைகளுக்கு முன்பாக அச்சொற்பட்டியல் இடம்பெறட்டும்.