கடல் கடந்த பேச்சும் கைச்செலவும்



வெளிநாட்டிலுள்ள உறவினரோடு தொலைபேசியில் பேசுவதற்கு ஏன் செலவாகிறது? அச்செலவை நேர்மையான வழியில் குறைப்பது எவ்வாறு? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம். இது வீட்டுக் கணக்கைச் சார்ந்த ஒரு சிறு செய்தி என்று எண்ணிவிட வேண்டாம். தமிழ்நாட்டின் எத்தனையோ சிற்றூர்களில், தந்தை சிங்கப்பூரிலோ மஸ்கட்டிலோ உழைக்க, தாயும் மக்களும் ஊரில் வாழ்கின்றனர். அத்தகைய குடும்பத்திற்குத் தொலைபேசி ஆடம்பரப் பொருளன்று. குடும்பம் ஒன்றுகூடும் வீட்டு முற்றமே அதுதான்.

நான் ஆசிரியப் பணியில் இருந்த 1990களில், எங்கள் பள்ளிக்கு எதிரே மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத் ஒன்று இருந்தது. அக்காலத்தில் வெள்ளிக்கிழமை வளைகுடா நாடுகளில் விடுமுறை நாளாக இருந்தது. ஆதலால் அன்று மாலை அந்தச் சிறு கடையின் முன் பெண்கள் வரிசையாக நிற்பர். கண்ணாடிக் கூண்டினுள் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். பேசுவோரின் வாய் கணவனோடு பேச, கண் அந்த எண்களை விட்டு அகலாது. என் மாணவன் ஒருவன், தன் தாய் கேட்க வேண்டியவற்றை ஒரு துண்டுத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுப்பான். கடன் தவணை, பள்ளிக் கட்டணம், பாட்டியின் கண் வைத்தியம் என்று அப்பட்டியல் நீளும். கடைசி வரி, ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பது. பல வாரங்களில் அந்த வரியை எட்டுவதற்குள் கையிலிருந்த பணம் தீர்ந்துவிடும் என்று அவனே என்னிடம் கூறியதுண்டு.

தொலைவு மிகுதி, ஆகவே செலவும் மிகுதி என்பதே பலரும் கூறும் காரணம். ஆனால் மஸ்கட்டின் தொலைவு அன்றும் இன்றும் ஒன்றேயன்றோ? தொலைவு குறையாமலே செலவு குறைந்திருக்கிறதென்றால், உண்மைக் காரணம் வேறெங்கோ இருத்தல் வேண்டும். அக்காரணங்கள் இரண்டு. ஒன்று, பாதையின் அகலம். மற்றொன்று, பாதையிலுள்ள சுங்கச் சாவடிகளின் எண்ணிக்கை.

முதலில் பாதையின் அகலத்தைக் காண்போம். 1927ஆம் ஆண்டு சனவரியில் நியூயார்க்குக்கும் லண்டனுக்குமிடையே வானொலி அலைகளின் வழியாகத் தொலைபேசிச் சேவை தொடங்கிற்று. முதல் மூன்று நிமிடங்களுக்குக் கட்டணம் 75 டாலர். 1914இல் ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலை நாளொன்றுக்கு 5 டாலர் கூலி தருவதாக அறிவித்தபோது, அது பெருங்கூலி என்று நாடே வியந்தது. அந்தப் பெருங்கூலிக் கணக்கிலும்கூட மூன்று நிமிடப் பேச்சின் விலை பதினைந்து நாள் உழைப்பு. 1956இல் அட்லாண்டிக் கடலடியில் முதல் தொலைபேசிக் கேபிள் இடப்பட்டது. அதில் ஒரே நேரத்தில் 36 உரையாடல்கள் செல்ல இயன்றது. 1965இல் ஏவப்பட்ட ‘ஏர்லி பேர்டு’ செயற்கைக்கோள் 240 உரையாடல்களைச் சுமந்தது. நம் சென்னைக் கடற்கரையிலிருந்து மலேசியாவின் பினாங்கிற்கு 1981இல் ஒரு கடலடிக் கேபிள் இடப்பட்டது.

இவையெல்லாம் ஒற்றையடிப் பாதைகளே. இராசபாட்டை பிறந்தது கண்ணாடியால். தூய கண்ணாடி இழையின் வழியே ஒளியாகச் செய்தியை அனுப்ப இயலும் என்று சார்லஸ் காவ் என்ற அறிஞர் 1966இல் விளக்கினார். அதற்காக 2009இல் நோபல் பரிசு பெற்றார். 1988இல் அட்லாண்டிக் கடலைக் கடந்த முதல் கண்ணாடி இழைக் கேபிள், ஏறத்தாழ 40,000 உரையாடல்களை ஏற்றது. 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்குமிடையே இடப்பட்ட கேபிளோ, நொடிக்கு 8.4 இலட்சம் கோடி பிட்டுகளைச் சுமக்குமாறு வடிவமைக்கப்பட்டது. சாதாரணத் தொலைபேசி முறையில் நம் குரல் நொடிக்கு 8,000 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 8 பிட்டுகளாக எழுதப்படுகிறது. ஆக நொடிக்கு 64,000 பிட்டுகள். வகுத்துப் பாருங்கள்; அந்த ஒரு கேபிளில் ஏறத்தாழ 13 கோடி குரல்கள் ஒரே நேரத்தில் செல்ல இடமுண்டு. பாதை இவ்வளவு அகன்றபின், ஒரு குரலுக்கு உரிய பங்குச் செலவு பைசாவிலும் சிறு பின்னமே.

அப்படியானால் இன்னும் சில அழைப்புகளுக்கு மிகுந்த கட்டணம் கேட்பது ஏன்? இங்கேதான் சுங்கச் சாவடிகள் வருகின்றன. அழைப்பவரின் நிறுவனம், இடையே கொண்டுசெல்லும் நிறுவனம், அழைப்பைப் பெறுபவரின் நிறுவனம் ஆகிய மூன்றும் தத்தம் பங்கைப் பெறுகின்றன. வெளிநாட்டிலிருந்து இந்தியாவிற்கு வரும் அழைப்பைப் பெற்றுச் சேர்ப்பதற்கு நம் நாட்டு நிறுவனத்திற்குரிய கட்டணம், 2018 பிப்ரவரியில் நிமிடத்திற்கு 53 காசிலிருந்து 30 காசாகக் குறைக்கப்பட்டது. 2020இல் 35 முதல் 65 காசு வரை பெறலாம் என்று மாற்றப்பட்டது. வேறு சில நாடுகளில் இக்கட்டணம் இதனினும் பன்மடங்கு. ஆகவே எந்த நாட்டிற்கு அழைக்கிறோம் என்பதைப் பொறுத்தே விலை ஏறி இறங்குகிறது. கிலோமீட்டர் கணக்கு அதில் சிறு பங்குதான்.

நம் நாட்டில் 2002 மார்ச் வரை வெளிநாட்டு அழைப்புகள் ஒரே நிறுவனத்தின் தனியுரிமையாக இருந்தன. அவ்வாண்டு ஏப்ரலில் அவ்வுரிமை முடிவுற்றது. இணையவழித் தொலைபேசிக்கும் அனுமதி கிடைத்தது. இணையத்தில் குரல் என்பது கடிதத்தையும் படத்தையும் போல மற்றொரு தரவுப் பொட்டலமே. அதற்கெனத் தனிச் சுங்கம் இல்லை. செலவு மலிந்ததன் மருமம் இதுதான்.

காரணம் விளங்கிவிட்டால் வழி தானே புலப்படும். முதலாவது, இருபுறமும் இணையம் இருக்குமானால் ஒரே செயலியின் வழியாகப் பேசுவதே மிகச் சிக்கனம். முன்னே கண்ட நொடிக்கு 64,000 பிட்டுக் கணக்கிலேயே ஒரு நிமிடக் குரல் ஒரு திசையில் அரை மெகாபைட்டுக்கும் குறைவு. செயலிகள் அதனை இன்னும் சுருக்கி அனுப்புகின்றன. படத்தோடு பேசினால் செலவாகும் தரவு பன்மடங்காகும். தரவு குறைவாக உள்ள நாளில் படத்தை நிறுத்திக் குரலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மறுமுனையில் சாதாரணத் தொலைபேசியே இருக்குமானால், எந்தத் திசையிலிருந்து அழைப்பது மலிவு என்று இருவரும் விசாரித்து, மலிவான பக்கத்திலிருந்து அழையுங்கள். ஒரு குறிப்பிட்ட நாட்டிற்கென்று நிறுவனங்கள் தரும் சிறப்புத் திட்டத்தைச் சேர்ப்பதாயின், நிமிட விலையை மட்டும் நோக்காமல், எத்தனை நாள் செல்லும், கணக்கு நிமிடத்திற்கா நொடிக்கா, நிலவழித் தொலைபேசிக்கும் கைப்பேசிக்கும் ஒரே விலையா என்பவற்றையும் கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது, முன்பணம் கட்டும் சேவைகளில் தேவைக்கு மேல் தொகையைத் தேக்கி வைக்க வேண்டாம். 2003இல் தோன்றி உலகெங்கும் பரவிய ‘ஸ்கைப்’ சேவையே 2025 மே மாதத்தில் மூடப்பட்டது.

நான்காவது, அந்தந்த நாட்டுச் சட்டத்தை அறிந்து நடக்க வேண்டும். ஐக்கிய அரபு எமிரேட்டில் உரிமம் பெறாத இணையக் குரல் செயலிகளுக்குத் தடை உண்டு. உரிமம் பெற்றவற்றையே பயன்படுத்தல் வேண்டும். சவூதி அரேபியா, விதிகளுக்கு உட்படும் செயலிகளுக்கு 2017 செப்டம்பரில் வழி திறந்தது. பிழைக்கச் சென்ற இடத்தில், சில திர்ஹாம்களை மிச்சப்படுத்த எண்ணி வழக்கில் சிக்கிக்கொள்வது அறிவுடைமை ஆகாது.

மலிவின் பெயரால் வரும் வஞ்சனைகள் இரண்டைப் பற்றியும் எச்சரிக்கிறேன். அறியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே ஒரு முறை மணி ஒலித்து நின்றால், திருப்பி அழைக்காதீர்கள். அழைப்பவரிடமிருந்து மிகுகட்டணம் பறிக்க விரித்த வலை அது. மற்றொன்று, வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாக உருமாற்றும் திருட்டு இணைப்பகம். அதற்கு நூற்றுக்கணக்கான சிம் அட்டைகள் வேண்டும். ‘உன் பெயரில் ஓர் அட்டை வாங்கிக் கொடு, பணம் தருகிறேன்’ என்று எவரேனும் மாணவரை அணுகினால், உறுதியாக மறுத்துவிடுங்கள். குற்றம் எவருடையதாயினும், விசாரணை முதலில் அட்டைக்கு உரியவரின் வாயிலில் வந்து நிற்கும்.

மாணவர்களே, பாதை அகன்றுவிட்டது; சாவடிகளும் குறைந்துவிட்டன. ஆயினும் இன்றும் மிகுதியாகச் செலவழிப்போர் யார்? செயலியைத் திறக்கத் தெரியாத முதியோரும், திட்டத்தின் சிற்றெழுத்துகளைப் படிக்க இயலாத தொழிலாளருமே. மற்றவர்க்குச் செலவின்றிக் கிடைப்பதை அவர்கள் விலைகொடுத்து வாங்குகிறார்கள். அல்லது செலவுக்கு அஞ்சிப் பேசாமலே இருந்துவிடுகிறார்கள். இவ்வநீதியைப் போக்கச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. உங்கள் ஒரு மணி நேரம் போதும். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை, உங்கள் தெருவில் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் ஒரு வீட்டிற்குச் செல்லுங்கள். அந்தத் தாயின் கைப்பேசியில் அழைக்கும் வழியை அமைத்துக் கொடுங்கள். நீங்கள் அழைத்துக் காட்டினால் மட்டும் போதாது. அவர் தம் கையால் மும்முறை அழைத்துப் பழகும் வரை அருகிருந்து கற்றுக்கொடுங்கள். பிறகு விடைபெற்று வந்துவிடுங்கள். தாயும் மகனும் தனித்துப் பேசட்டும். அவர்கள் பட்டியலின் கடைசி வரி வரைக்கும் பேசி முடிக்கட்டும்.