லயத்து வாசலில் ஒரு உயிரியல் பாடம்

(பிள்ளை மடுவத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் ஒரு அம்மா எழும்பிக் கேட்டார்: "மகன் விலங்குகள வகைப்படுத்தணும்னு புத்தகத்தத் தூக்கிக்கிட்டு வாறான். நாங்க மூணாம் வகுப்போட கொழுந்துக்குப் போனவங்க. நாங்க என்னாத்த சொல்லிக் குடுக்குறது?" அன்றைக்கு நேரம் போதவில்லை. இன்று அதற்குத்தான் பதில் கொண்டு வந்திருக்கிறோம்.

அட்டை, அரணை, வௌவால், பூரான் எல்லாம் தினமும் நம் கண்ணில் படுகிற உயிர்கள். புத்தகம் அவற்றைப் பற்றி மூன்று கேள்விதான் கேட்கிறது.

முதல் கேள்வி: முள்ளந்தண்டு உண்டா? மீன் சாப்பிடும்போது நடுமுள்ளை எடுத்துப் பிள்ளைக்குக் காட்டுங்கள். அது போல கோழிக்கும், தவளைக்கும், பாம்புக்கும், நமக்கும் உண்டு. இவை முள்ளந்தண்டுளிகள். நத்தைக்கும் வண்டுக்கும் இல்லை. அட்டைக்கும் மண்புழுவுக்கும் இல்லை. இரண்டுக்கும் உடம்பு வளையம் வளையமாக இருப்பதால் அவை ஒரே கூட்டம்.

இரண்டாவது: முள்ளந்தண்டு இருந்தால், மேலே என்ன மூடியிருக்கிறது? மயிர் இருந்து குட்டிக்குப் பால் கொடுத்தால் முலையூட்டி. வௌவால் பறந்தாலும் முலையூட்டிதான். இறகு இருந்தால் பறவை. உலர்ந்த செதில் இருந்தால் ஊர்வன. ஈரத் தோலுள்ள தவளை ஈரூடகவாழி. செவுளும் துடுப்பும் உள்ளது மீன்.

மூன்றாவது: முள்ளந்தண்டு இல்லையென்றால், கால் எத்தனை? ஆறு என்றால் பூச்சி. எட்டு என்றால் சிலந்தி, தேள் கூட்டம். அதற்கும் மேலே போனால் பூரான், மரவட்டை.

நாம் சொல்லிக் கொடுத்த கதைகளில் பிழையும் உண்டு. அரணை கடித்தால் மரணம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பயமுறுத்தினார்கள். அரணைக்கு விஷமே கிடையாது. பாவம், அதைக் கண்ட இடத்தில் அடித்துக் கொன்றோம்.

குளவி கதை வேறு. மலையில் குளவி கொட்டி உயிரை விட்டவர்கள் நம் தோட்டங்களில் உண்டு. ஆனால் பாறையிலும் மரக்கொப்பிலும் பெரிய அடையாகத் தொங்குவதைப் பல சமயம் குளவி என்கிறோம், அது பெருந்தேனீ. தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே நிற்கும். குளவி கொட்டினால் நிற்காது. நின்றால் உடனே சுரண்டி எடுங்கள். முகம் வீங்கினால், மூச்சு முட்டினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். கூட்டுக்குக் கல்லெறியக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

அதே குளவிக் கூட்டத்தில் நமக்குச் சோறு போட்டதும் ஒன்று உண்டு. தேயிலை இலைகளை நூலால் ஒட்டிக்கொண்டு உள்ளே இருந்து தின்கிற புழுவைப் பார்த்திருப்பீர்கள். அது வளர்ந்தால் அந்துப்பூச்சி. அதை அடக்க 1930களில் ஜாவாவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு குளவியைக் கொண்டு வந்தார்கள். அது புழுவின் உடம்பிலே முட்டையிடும். பொரித்த குஞ்சு புழுவைத் தின்று தீர்க்கும். நம்மை அது கொட்டுவதில்லை. ஒரே கூட்டத்தில் பகையும் உண்டு, உறவும் உண்டு. எது எது என்று பிரித்துத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பாடம்.

ஆகவே ஒரு வேலை தருகிறோம். மலையால் வந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம், அன்று கண்ட ஒரு உயிரைப் பற்றிப் பிள்ளையிடம் பேசுங்கள். மூன்று கேள்வியையும் கேளுங்கள். பிள்ளை கொப்பியில் எழுதட்டும். தெரியாததை டீச்சரிடம் கேட்டு வரட்டும்; வந்து உங்களுக்கும் சொல்லட்டும். பாம்பு, தேள், பூரானைத் தூர நின்று பார்ப்பதோடு சரி, தொடவே வேண்டாம்.

எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கண்ணும் வாயும் போதும். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கொப்பிகளைக் கொண்டு வாருங்கள், எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.