கூரையில்லாத நூதனசாலை



நூதனசாலை என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுபவை கண்ணாடிப் பெட்டிகளும், அவற்றினுள் மங்கிய வெளிச்சத்தில் கிடக்கும் வாளும் கேடயமும், ‘தொடவேண்டாம்’ என்ற அறிவித்தலுமே. இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்டவை அத்தகையன அல்ல. அவை வெயிலிலும் மழையிலும் நனைந்து உலர்ந்துகொண்டிருப்பவை. ஒன்று நமது கண்டியில் இருக்கிறது. மற்றது தாய்லாந்து தேசத்தில் காஞ்சனபுரி என்னும் ஊரில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கடல் கிடந்தாலும் அவை ஒரே யுத்தத்தின் இரு முனைகள்.

முதலில் நம்மூரைப் பார்ப்போம். பேராதனைப் பூங்காவுக்குப் போகாத கண்டிவாசி இருக்கமுடியாது. பாடசாலைச் சுற்றுலா, கல்யாணப் புகைப்படம், உறவினர் வருகை என்று ஏதாவதொரு காரணம் நம்மை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆனால் 1944 ஏப்ரலில் நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் டில்லியிலிருந்து பெயர்ந்து அந்தப் பூங்காவுக்குள் வந்து அமர்ந்தது என்பதை நம்மிற் பலர் நினைப்பதில்லை. மவுண்ட்பேட்டன் பிரபு அதன் தலைவர். பர்மாவை ஜப்பானியரிடமிருந்து மீட்கும் யுத்தத்துக்கான திட்டங்கள் அந்த மரநிழல்களில் வகுக்கப்பட்டன. 1945இன் பிற்பகுதியில் அத்தலைமையகம் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. மரங்கள் இருக்கின்றன.

அந்த யுத்தம் கண்டியில் விட்டுச்சென்ற இன்னொரு சுவடு, கண்டிக்கும் பேராதனைக்கும் இடையே, தெவனி ராஜசிங்க மாவத்தையில் உள்ள யுத்த மயானம். 1638இல் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை முறியடித்த இரண்டாம் இராஜசிங்கனின் பெயரைக் கொண்ட தெருவிலேயே வேறொரு யுத்தத்தின் இறந்தோர் உறங்குவது வரலாற்றின் விளையாட்டுத்தான். ஏறத்தாழ 200 பேர் அங்கே துயில்கிறார்கள். பிரித்தானியர் பாதிக்கு மேல். கிழக்கு ஆபிரிக்கர், இலங்கையர், இந்தியர் ஆகியோரும் உளர். ஆபிரிக்கர் இங்கே எப்படி வந்தனர் என்று கேட்கலாம். பதினோராம் கிழக்கு ஆபிரிக்கப் படைப்பிரிவு 1943இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, இங்கே காட்டுப்போரில் பயிற்சி பெற்றபின் பர்மாவுக்கு அனுப்பப்பட்டது. யுத்தகளத்தைக் காணாமலே, நோயினாலும் விபத்தினாலும் நம் மலைநாட்டிலேயே கண்மூடியவர்களும் அவர்களுள் உண்டு.

மயானம் என்ற சொல்லுக்கு நாம் கொண்டிருக்கும் அச்சமெல்லாம் அங்கே போனால் அகன்றுவிடும். புல் ஒட்ட வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு கல்லின் அடியிலும் பூச்செடி. கல்லில் படையணி, பதவி, பெயர், இறந்த நாள், வயது. இருபத்தொன்று, பத்தொன்பது, இருபத்துமூன்று என்று வயதுகளை வாசித்துக்கொண்டு போகையில், நான் படிப்பிக்கும் உயர்தர வகுப்பு மாணவரின் முகங்களே கண்முன் வந்தன. அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சிறிய கல் என்ற பேதம் அங்கில்லை. 1917இல் அமைக்கப்பட்ட யுத்த மயான ஆணைக்குழு, பதவியோ செல்வமோ பாராமல் எல்லோருக்கும் ஒரே அளவுக் கல் என்று விதி செய்தது. எதிரி நாட்டவராகிய இத்தாலியர் சிலருக்கும் அதே வளவுக்குள் இடமும் அதே பராமரிப்பும் உண்டு. 1983 முதல் 2009 வரை நம் நாட்டில் நடந்த யுத்தத்தின் பின், சிலருக்குத் தூபிகள் எழுந்ததையும் வேறு சிலருடைய துயிலிடங்கள் தரைமட்டமானதையும் அறிந்தவன், அந்த இத்தாலியக் கற்களின் முன் சற்று நேரம் நிற்காமல் வரமுடியாது.

ஆயினும் அந்த ஆணைக்குழுவின் சமத்துவத்திலும் ஓட்டை இருந்தது. அதை ஆணைக்குழுவே 2021இல் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. முதலாம் உலக யுத்தத்தில் மாண்ட ஆசிய, ஆபிரிக்கப் படையினருள் குறைந்தது 116000 பேர் பெயர் குறிக்கப்படாமலோ, நினைவுகூரப்படாமலோ விடப்பட்டனர் என்று அவ்வறிக்கை கூறுகிறது. யாருக்குக் கல், யாருக்கு இல்லை என்ற இந்தக் கேள்விதான் என்னைக் காஞ்சனபுரி வரையில் இழுத்துச் சென்றது.

இந்த விடயத்தில் சினிமாவுக்கும் ஒரு பங்குண்டு. ‘குவாய் நதிப் பாலம்’ என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்தவர்கள், சயாமில் ஜப்பானியர் அமைத்த ரயில் பாதையை நினைவுகூர்வர். 1957இல் வெளிவந்த அப்படம் எடுக்கப்பட்டது தாய்லாந்தில் அன்று. நமது கித்துள்கலையில், களனி கங்கையின் மீது! பாலம் கட்டும் வெள்ளைக்காரக் கைதிகளைப் படம் நிறையக் காட்டுகிறது. அந்தப் பாதையில் அவர்களைவிடப் பன்மடங்கு தொகையாகச் செத்த ஆசியத் தொழிலாளரின் கதை அதில் இல்லை. கித்துள்கலையிலிருந்து சில மணி நேர நடையிலேயே தமிழர் வாழும் தோட்டங்கள் உள்ளன.

உண்மையான பாதையின் நீளம் 415 கிலோமீற்றர். 1942இல் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடித்தார்கள். காடு, மலை, அடைமழை, வாந்திபேதி. யுத்தக் கைதிகள் 60000 பேருக்கு மேல் வேலை வாங்கப்பட்டு, அவர்களில் 12000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் இரண்டு இலட்சம் வரையில் இருக்கலாம் என்கின்றனர். மாண்டவர் 90000 வரை என்பது பலராலும் எடுத்தாளப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் 75000க்கு மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர். தொடக்கத்தில் கூலி தருவோம், சில மாதத்தில் திரும்பலாம் என்று ஆசை காட்டினர். ஆள் சேராதபோது வளைத்துப் பிடித்தனர்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுமுறையில் நான் அங்கே போனேன். பாங்கொக்கிலிருந்து மேற்கே பஸ் வண்டியில் மூன்று மணி நேரம். ஆற்றங்கரையில் ஒரு பௌத்த விகாரையின் வளவுக்குள் அந்த நூதனசாலை இருக்கிறது. கைதிகள் அடைக்கப்பட்டிருந்த கொட்டில்களைப்போலவே மூங்கிலாலும் ஓலையாலும் அமைத்திருக்கிறார்கள். ஆற்றுக்காற்று தாராளமாக உள்ளே வருகிறது. இருபுறமும் நீண்ட மூங்கிற் பரண். ஓர் ஆள் படுக்க எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்பதை எவரும் விளக்கத் தேவையில்லை. சுவர் நெடுக, கைதிகள் வரைந்த சித்திரங்களும் மங்கிய புகைப்படங்களும். 1977இல் இதை நிறுவியவர் அவ்விகாரையின் தலைமைத் துறவி.

அதன் பெயர் ‘ஜெத்’. மரணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு எதுகைபட அமைந்த பெயர். ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்காவும் அவுஸ்திரேலியாவும், தாய்லாந்து, ஒல்லாந்து என்னும் நாடுகளின் முதலெழுத்துகளைக் கோத்தது. தமிழாசிரியனுக்கு எழுத்தெண்ணிப் பார்க்கும் பழக்கம் போகாதல்லவா? எண்ணிப் பார்த்தேன். பர்மாவுக்கு எழுத்தில்லை. மலாயாவுக்கு இல்லை. ஜாவாவுக்கு இல்லை. இந்தியாவுக்கும் இல்லை.

துறவியைக் குறை கூறுவது நியாயமாகாது. அவர் கைக்குக் கிடைத்ததைக் கொண்டுதானே காட்சி அமைக்க முடியும்? வெள்ளைக்காரக் கைதிகளுக்கு உடன் அதிகாரிகள் இருந்தனர், வைத்தியர்கள் இருந்தனர். மூங்கிற் குழாய்க்குள் நாட்குறிப்பை ஒளித்துவைக்கவும், கிடைத்த தாளில் படம் வரையவும் தெரிந்தவர்கள் இருந்தனர். யார், எந்த நாளில், எந்த நோயால் இறந்தார் என்று பதிந்துவைத்தனர். யுத்தம் முடிந்ததும் அந்தப் பதிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு புதைகுழிகளைத் தேடினர். காஞ்சனபுரி யுத்த மயானத்தில் இன்று ஏறக்குறைய 7000 கற்கள் வரிசையாக நிற்பதற்கு அடிப்படை அந்தத் தாள்களே. தோட்டத் தொழிலாளியோ மனைவி மக்களுடனேயே போனவன். வைத்தியர் இல்லை, எழுதுகோல் இல்லை, எழுத்தும் இல்லை. வாந்திபேதி ஒரு முகாமில் நுழைந்தால், செத்தவனைப் பற்றிச் சொல்ல வேண்டியவனும் அடுத்த கிழமையே செத்தான்.

மூங்கிற் கொட்டிலின் வெளியே, எழுபதைத் தாண்டிய ஒருவர் என் பேச்சைக் கேட்டு, “சார், சிலோனுங்களா?” என்று அருகில் வந்தார். ஈப்போக்காரர்.

“எங்க பெரியப்பா பால்மரம் வெட்டிக்கிட்டு இருந்தவரு. ஜப்பான்காரன் காலத்துல சயாமுக்குப் போனாரு. அவ்வளவுதான் தெரியும்” என்றார்.

“திவசம் கொடுக்கிறீர்களா, ஐயா?” என்று கேட்டேன்.

“என்னைக்குன்னு கொடுக்கிறது? திதி தெரியாதே. ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் விடறப்ப, அவருக்கும் சேர்த்து விடறோம்.”

அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அவருடன்தான் மற்ற இடங்களுக்கும் போனேன். பாலத்துக்கு அருகே ஜப்பானிய இராணுவமே 1944இல் எழுப்பிய ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. அதில் பல மொழிகளில் வாசகம் பொறித்திருக்கிறார்கள். தமிழும் அவற்றுள் ஒன்று. அவர்களைக் கொண்டுவந்து சாகடித்தவனே அவர்கள் மொழியில் முதலில் கல் வெட்டினான் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது? எனக்குக் கோபமும் வந்தது. அந்தத் தமிழெழுத்தைக் கண்டதும், வெட்கமின்றிச் சொல்கிறேன், மகிழ்ச்சியும் வந்தது.

பெரியவர் என்னைக் கூட்டிக்கொண்டு போன கடைசி இடம், யுத்த மயானத்தை அடுத்துள்ள வாட் தவோர்ன் என்னும் விகாரை. பெயரறியாத ஆசியத் தொழிலாளரின் எலும்புகளைத் தாங்கிய இடம் அது. அங்கே மலேசியத் தமிழர்களின் முயற்சியால் 2023இல் ஒரு நடுகல் நாட்டப்பட்டது. நினைவுச்சின்னம், தூபி என்றெல்லாம் சொல்லாமல் நடுகல் என்ற சொல்லையே தெரிந்தெடுத்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வழிபட்டு வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. சங்கப் பாடல்களில் பாலை நிலத்து வழி நெடுக, பெயரும் செயலும் எழுதி மயிற்பீலி சூட்டிய கற்கள் நிற்கின்றன. அகநானூற்றுப் பாடல் ஒன்றில், கல்லின் எழுத்துத் தேய்ந்துபோனதால் வழிப்போக்கர் வேறு பொருள் கொள்ளும் காட்சியும் வருகிறது. ஆனால் பழைய நடுகல்லுக்கு ஒரு நிபந்தனை இருந்தது: வீரனின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். காஞ்சனபுரி நடுகல்லில் ஆயிரமாயிரம் பேருக்கும் சேர்த்து ஒரே கல். அவர்கள் ஆநிரை மீட்கப் போனவர்களும் அல்லர், கூலிக்குப் போனவர்கள். மரபு இவ்வளவு விரிந்து கொடுத்ததே பெரிது.

கல் தராததை எழுத்துச் சிறிது தந்திருக்கிறது. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண இரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்களை நம் வாசகர்கள் தேடிப் படிக்கவேண்டும். இலங்கை நூலகங்களில் இவை எளிதிற் கிடைப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இதையெல்லாம் கண்டிக்காரன் ஏன் சொல்லவேண்டும்? சயாமில் மாண்டவர்களும் நம் மலையக மக்களின் முன்னோரும் ஒரே ஊர்களிலிருந்து, ஒரே கங்காணி முறையின் கீழ், வேறு வேறு கப்பலேறியவர்கள். என் பாட்டனாரும் லயத்திற் பிறந்தவரே. இங்கே யாரும் அவர்களைத் துப்பாக்கி முனையில் ரயில் பாதைக்கு ஓட்டவில்லை என்பது மெய். ஆனால் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த காட்டுவழியில் வாந்திபேதியில் வீழ்ந்தவர்களுக்கு எந்தக் கல் இருக்கிறது? கல்லறை கூட இல்லாமல் தேயிலையின் அடியில் கிடப்போரைப் பற்றி சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதியதை, சக்தீ பால ஐயா ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழாக்கித் தந்தார். 

கண்டி மஹய்யாவ மயானத்தில் ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை இருக்கிறது. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டவர். 1892இல் அவர் மறைந்தபோது, தொழிலாளர்கள் இரண்டு குழுக்களாக மாறி மாறி அவருடலை மலைவழியே கண்டிவரை சுமந்துவந்தனர். டெய்லரின் பெயர் கல்லில் இருக்கிறது, அது தகும். சுமந்தவர்களின் பெயர் தோட்டத்துச் செக்ரோலில் இருந்திருக்கும். தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒருநாட் சம்பளம் என்றே பொருள். கொழுந்தின் நிறை குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான்.

தாய்லாந்திலிருந்து வந்தபின், என் வகுப்பில் ஒரு கட்டுரைக்குப் பதிலாக வேறொரு வேலை கொடுத்தேன். அப்பாவின் பெயர், தாத்தாவின் பெயர், அவருடைய தந்தையின் பெயர், ஒவ்வொருவரும் எந்தத் தோட்டத்தில் இருந்தார், எங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதிவரச் சொன்னேன். மூன்றாவது பெயரோடு பெரும்பாலானவை நின்றுவிட்டன. ஒரு மாணவி மட்டும், தொண்ணூறு வயதைக் கடந்த தன் பூட்டியின் வாயிலிருந்து ஏழு பெயர்களை எழுதிவந்தாள்; இரண்டு, பிறந்த மாதத்திலேயே இறந்த குழந்தைகளுடையவை. இடம் என்ற பகுதியில் ‘ஆத்தோரம், பத்தாம் நம்பர் மலைக்குக் கீழே’ என்று இருந்தது. பெயர்களையெல்லாம் ஓர் அப்பியாசக் கொப்பியில் படியெடுத்துக் கல்லூரி நூலகத்தில் வைத்திருக்கிறோம். அடுத்த வகுப்பினர் இப்போது அதன் மூன்றாவது கொப்பியை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.