பெயர் சிதைந்தால் பேறும் சிதையும்

(வல்லக்கோட்டையில் தமிழன்பரிடையே ஆற்றிய உரை)



அருணகிரியார் கோடைநகர் என்று போற்றிய இவ்வூரில், இசைத்தட்டு உறைகளிலும் ஒலிப்பேழைகளிலும் நம் இசைவாணர் பெயர்கள் படும் பாட்டினைப் பற்றிப் பேச விழைகின்றேன்.

‘டி’ என்னும் ஓரெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருமருகலிற் பிறந்து திருவாவடுதுறையாற் பெயர் விளங்கிய நாகசுரப் பேரரசர் இராசரத்தினம் ‘டி. என்.’ ஆனார். காஞ்சியை அடுத்த தாமலைத் தம் பெயர்முன் தாங்கிய பட்டம்மாள் ‘டி. கே.’ ஆனார். தொகுளுவா என்னும் குடிப்பெயருடைய சௌந்தரராசன் ‘டி. எம்.’ ஆனார். தகரத்தில் தொடங்கும் மூன்று பெயர்களை ஆங்கிலத்திற்குக் கொண்டுபோய், ஆங்குள்ள எழுத்தின் பெயரை மட்டும் மீட்டுக் கொணர்ந்ததன் விளைவு இது. மதுரையையும் அன்னை சண்முகவடிவையும் சுமந்த சுப்புலக்குமியாரின் ‘எம். எஸ்.’ என்பதில் ஈன்ற தாயின் பெயரே மறைந்தது. ஊர் போயிற்று, குடி போயிற்று, பொருளற்ற ஓசையே எஞ்சிற்று.

ஆங்கில எழுத்தில் எழுதுங்காலோ கேடு இன்னும் பெரிது. 1976இல் ‘அன்னக்கிளி’யால் அறிமுகமான இளையராசாவின் பெயரைப் பாருங்கள். ‘ளை’யின் ஐகாரம் ஓர் உறையில் நிற்கும், மற்றோர் உறையில் உதிரும், ‘ரா’வின் நெடில் ஒருகால் இரட்டிக்கும், ஒருகால் குறுகும். லகரமும் ளகரமும் அங்கே ஒன்றே.

பாட்டு இனித்தாற் போதாதா, எழுத்தில் என்ன என்று சிலர் கேட்பர். ஒரகடத்துத் தொழிற்சாலையில் பணிமுடித்துத் திரும்பும் இளைஞன் கைப்பேசியில் ஒரு பாடகரைத் தேடுகின்றான். எழுத்து மாறினால் ஒருவரே மூவராய்ப் பிரிந்து நிற்பர். பெரும்பெயருடையார் எவ்வாறேனும் அறியப்படுவர். தவிலும் குழலும் இசைத்துத் துணைநின்ற இசைஞர்க்கோ உறையில் உள்ள அந்த ஒற்றை வரியே சான்று. 2012ஆம் ஆண்டுப் படைப்புரிமைச் சட்டத் திருத்தம் பாடகர்க்கும் இசைஞர்க்கும் பதிவின் வணிகப் பயனில் பங்குபெறும் உரிமை தந்துள்ளது. பெயர் சிதைந்தவன் அவ்வுரிமையை எதைக் காட்டிக் கேட்பான்? இக்குழப்பந் தீரவே 2012இல் பன்னாட்டுத் தர அமைப்பு, படைப்பாளர் ஒவ்வொருவர்க்கும் 16 இலக்க அடையாள எண் வழங்கும் முறையை வகுத்தது. எண் உதவட்டும், ஆயினும் எண் பெயராகுமா?

ஆங்கில எழுத்தைச் செப்பஞ்செய்தாற் போதும் என்பாரும் உளர். 2020 சூன் திங்களில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்ற ஆணையிட்ட தமிழக அரசு, சில நாள்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வேர் தமிழில் இருக்க, இலையைத் திருத்தி என்ன பயன்?

‘ஜ’வைச் சகரமாக்கும் நீங்களும் பெயரை மாற்றுகின்றீர்களே என்று நம்மை வினவுவர். வடவெழுத்து நீக்கி எழுதுதல் தொல்காப்பியர் வகுத்த நெறி. ஆனால் நெறி என்பது யாண்டும் ஒருபடித்தாய் நிற்றல் வேண்டும். ஒரே மலரில் ஓரிடத்துச் சௌந்தரராசன், மற்றோரிடத்துச் சவுந்தரராசன் என்று நம்மவர் எழுதுவராயின், பிறரைக் கடிய நமக்கு என்ன தகுதி?

எனவே, இசை வெளியிடுவோரை நாம் வலியுறுத்த வேண்டுவன இரண்டு. பெயர் முதற்கண் தமிழில், தமிழ் முன்னெழுத்தோடு வருக: தி. ந. இராசரத்தினம், தா. கி. பட்டம்மாள், ம. ச. சுப்புலக்குமி என்று. ஒருமுறை எழுதிய வடிவமே எம்முறையும் வருக. அவர்களிடம் கேட்குமுன், நம் விழா அழைப்பிதழ்களிலும் மலர்களிலும் நாம் அதனைச் செய்து காட்டுவோம். வாழ்க தமிழ்!