இருதயக் கருவியும் அன்றாட வேலையும்
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



மூத்தோர் பலர் வீற்றிருக்கும் இச்சபையிலே வைத்திய விஷயமொன்றைப் பேச நாம் முன்வந்தது வைத்தியத் தொழிலைப் போதிப்பதற்கன்று. இருதயத்துக்குக் கருவி வைத்துக்கொண்டு வீடு திரும்புவோர் இன்று நமது ஊர்களிலும் உளர். சத்திரசிகிச்சை வைத்தியர் கையிலே ஓரிரு மணித்தியாலத்தில் முடிந்துவிடுகிறது. அதன் பின்னுள்ள ஆறு வாரமோ வீட்டார் கையில் இருக்கிறது. அந்த ஆறு வாரத்தைப் பற்றியே பேச விரும்புகின்றோம்.

ஓய்ந்திருக்கும் ஒருவரின் இருதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை துடிப்பது இயல்பு. துடிப்பைத் தூண்டும் மின்னோட்டம் தளர்ந்தால் தலை சுற்றும், மயக்கம் வரும். அக்குறையை நிரப்புவதே பேஸ்மேக்கர் என்னும் இருதய முடுக்கி. அதனைக் காறையெலும்பின் கீழே, தோலுக்கு அடியில் வைக்கிறார்கள். அதிலிருந்து மெல்லிய கம்பி ஒன்றோ இரண்டோ நாளத்தின் வழியே சென்று இருதயத்தின் உட்சுவரைப் பற்றி நிற்கும்.

இக்கருவியை முதன்முதல் உடலினுள்ளே வைத்தது 1958ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆந் திகதி, சுவீடன் தேசத்து ஸ்டொக்ஹோம் நகரிலே. எல்ம்குவிஸ்ட் என்னும் பொறியியலாளர், சப்பாத்து மெழுகு டப்பாவொன்றை அச்சாகக் கொண்டு அதனை வார்த்தெடுத்தார்; சென்னிங் என்னும் வைத்தியர் பொருத்தினார். சில மணித்தியாலத்திலே அது நின்றுபோக, வேறொன்று வைத்தார்கள். அதனைப் பெற்ற ஆர்ணே லார்சன் என்பவர் தம் வாழ்நாளில் 26 கருவிகளை மாற்றிக்கொண்டு, 2001ஆம் ஆண்டில் தமது 86ஆவது வயதிலே காலமானார். அதுவும் இருதய நோயாலன்று. எனவே, கருவி வைத்தவர் மூலையில் முடங்க வேண்டியவரல்லர் என்பது வெளிப்படை.

நிற்க. நம் வீடுகளிலே இவ்விஷயத்தில் இரண்டு விதமான பிழைகள் நேர்கின்றன. ஒரு வீட்டிலே, “ஐயாவை ஒன்றுக்கும் விடாதேயுங்கோ” என்று சொல்லிக் கையைக்கூட அசைக்க விடார்கள். சில வாரத்தில் தோள்மூட்டு இறுகி, கையை உயர்த்தவே முடியாமற் போகும். மற்றொரு வீட்டிலே, புண் ஆறிவிட்டது என்று பத்தாம் நாளே கிணற்றடிக்குப் போகிறார்கள். முன்னது வீண் பயம், பின்னது அலட்சியம். இரண்டுக்கும் மூலம் ஒன்றே: காரணம் தெரியாமை.

காரணம் இதுதான். வெளிப்புண் இரண்டு வாரமளவில் ஆறிவிடும். ஆனால் உள்ளே சென்ற கம்பியின் நுனி இருதயத்துச் சுவரிலே நன்கு ஊன்றிக்கொள்ள நாலு முதல் ஆறு வாரம் செல்லும். வெளியே பார்த்தால் நாற்று நட்ட வயல் பச்சையாகத்தான் இருக்கும். வேர் பிடித்ததா என்பது இழுத்தாலன்றோ தெரியும்! கம்பி விலகினால் மறுபடியும் சத்திரசிகிச்சை. முழுவதும் கருவியையே நம்பித் துடிக்கும் இருதயமாயின் உயிருக்கே அபாயம்.

இதை மனத்திற் கொண்டால் எந்த வேலை ஆகும், எது ஆகாது என்பதை நாமே நிதானிக்கலாம். வைத்தியர் வேறு விதமாகச் சொல்லாதவரை, கருவி வைத்த பக்கத்துக் கையை அந்த வாரங்களிலே தோளுக்கு மேலே உயர்த்தலாகாது. அக்கையால் நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கலாகாது. பத்து லீற்றர் வாளி நிறைந்த தண்ணீர் பத்துக் கிலோ அல்லவா? துலாக் கயிறாயினும் கப்பிக் கயிறாயினும் கை மேலே போயே தீரும். கிணற்றடியில் மயக்கம் வந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. மண்வெட்டி பிடித்தல், விறகு கொத்துதல், உலக்கை போடுதல், நீரிறைக்கும் மெசினைக் கயிறு சுற்றி இழுத்தல் ஆகியனவும் அவ்வாறே. ஆனால் சோறு பிசைந்து உண்ணலாம், சட்டை போடலாம், பத்திரிகை வாசிக்கலாம், ஒழுங்கையிலே மெல்ல நடக்கலாம், கையைத் தோளளவுக்குள் மெதுவாக அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மோட்டார் சயிக்கிளும் காரும் ஓட்டுவது வைத்தியர் சொன்ன பின்னரே.

வானொலி, தொலைக்காட்சி, மின்விசிறி முதலியவற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. கைத்தொலைபேசியைக் கருவியிலிருந்து 15 சென்ரிமீற்றர் அப்பால், மறு பக்கத்துக் காதில் வைத்துப் பேசுக. பலருக்குக் கருவி இடப்பக்கத்திலே இருக்கும்; நமது சட்டைப் பையும் இடப்பக்கத்திலேதான்! ஆகவே அப்பையிலே தொலைபேசி வேண்டாம். இன்டக்ஷன் என்னும் மின்காந்த அடுப்புக்கு 60 சென்ரிமீற்றர் விலகி நிற்க. பெரிய ஒலிபெருக்கியிற் காந்தம் உண்டு. அதன்மேற் சாய்தல் கூடாது. ஒட்டுத்தொழில் செய்பவர் வைத்தியரிடம் கேளாமல் வேலைக்குத் திரும்பலாகாது. விமான நிலையத்துச் சோதனை வாயிலில் நில்லாது நடந்து செல்க. கருவிக்கெனத் தரும் அட்டையை எப்போதும் உடன் வைத்திருந்து, பல் வைத்தியருக்கும் காட்டுக.

கோயிலுக்குப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் அந்த ஆறு வாரத்துள் நல்லூர்த் தேர் வந்தால் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டு விலகுக, இழுக்க வேண்டாம். அங்கப்பிரதட்சணமும் காவடியும் வைத்தியர் அனுமதிக்கும்வரை பொறுக்கட்டும். நேர்த்தி தாமதித்தால் குறையில்லை.

புண் சிவத்தல், வீங்குதல், ஊனம் வடிதல், காய்ச்சல், கை வீங்குதல், விடாத விக்கல், மயக்கம் இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். பழைய மயக்கம் திரும்பினால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைப் பெறலாம். புண்ணில் எண்ணெயோ பச்சிலையோ வைத்துப் பார்த்துக்கொண்டிருத்தல் தகாது.

ஐ.சி.டி. என்னும் இன்னொரு கருவி, இருதயம் தாறுமாறாக ஓடும்போது அதிர்ச்சி கொடுத்துத் திருத்துவது. ஒரு முறை அதிர்ச்சி ஏற்பட்டுப் பின்னர் சுகமாயிருந்தால் அன்றே வைத்தியருக்கு அறிவிக்க. அடுத்தடுத்து ஏற்பட்டாலும், சுகமில்லாவிட்டாலும் உடனே கொண்டுசெல்க. அவரைத் தொட்டால் நமக்கு அபாயம் வருமென்று எட்ட நிற்றல் அறியாமை.

பெரியோர்களே, 1847ஆம் ஆண்டிலே இங்கு வந்த டொக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். அன்றே தமிழிற் சொல்லக் கூடியதாயிருந்த வைத்தியத்தை இன்று ஆங்கிலத் துண்டொன்றிலே நோயாளி கையில் ஒப்படைத்து முடிப்பது போதுமா? அத்துண்டை வாசித்து, கேட்க வேண்டியதை வைத்தியரிடம் கேட்டு, காரணத்தோடு வீட்டாருக்குத் தமிழில் எடுத்துச் சொல்வது படித்த இளைஞராகிய நமது கடமை.

இன்னொன்றும் உண்டு. பிள்ளைகள் வெளிநாட்டிலே இருக்க, தனித்து வாழும் முதியோர் நம் ஊரிலே பலர். “வாளி தூக்காதேயுங்கோ” என்று புத்தி சொல்லிவிட்டு வந்தால் அவர்களுக்குத் தண்ணீர் அள்ளுவது யார்? ஆறு வாரம், காலையில் நாலு வாளி, மாலையில் நாலு வாளி. சங்க அங்கத்தவர் முறை வைத்துக்கொண்டால் எவருக்கும் பாரமாகாது. வைத்தியர் தைத்த வேலையை நாம் அவிழ விடாது காப்போமாக.