பால் பொங்கிச்சா?

"வாழ்த்துல என்னங்க இருக்கு, வெறும் வாய் வார்த்தைதானே?"ன்னு எதிரணி நண்பர் கேட்டுட்டுப் போனார்.

சிங்கப்பூரில் சீனப் புத்தாண்டு வந்தால் நம் தமிழர்களும் சீனர்களைப் பார்த்து 'கோங் ஷி ஃபா சாய்' என்பார்கள். வாழ்த்துகள், செல்வம் பெருகட்டும் என்று பொருள். பளிச்சுன்னு பணத்தைச் சொல்லிடறாங்க! (சிரிப்பு) இன்னொரு வாழ்த்து, 'நியன் நியன் யோ யூ'. ஆண்டுதோறும் மிச்சம் இருக்கட்டும்! சீனத்தில் மீனும் 'யூ', மிச்சமும் 'யூ'. அதனால்தான் விருந்து மீனில் கொஞ்சம் மிச்சம் வைக்கும் வழக்கம்.

நம்ம பக்கம் பொங்கலன்னிக்கு என்ன கேட்போம்? "பால் பொங்கிச்சா?" அதுவும் நிறைஞ்சு வழியணும்கிற ஆசைதான். ஆனா, கேள்வியா இருக்கு பாருங்க! கேட்டா, பதிலுக்கு நிக்கணும். "இந்த வருஷம் பொங்கல் வைக்கலீங்க"ன்னு பதில் வந்தா? அது சாவு விழுந்த வீடு. அந்தத் திண்ணையில கொஞ்ச நேரம் உட்காரணும்.

இப்ப "ஹேப்பி பொங்கல்" என்கிறோம். பதில், "சேம் டு யூ". துக்கத்தைச் சொல்ல அங்கே இடம் ஏதய்யா? (கைதட்டல்)

வாழ்த்தில் அடுத்த வீட்டை விசாரிக்கும் அக்கறை இருக்கிறது, நடுவர் அவர்களே!