கூடாரமும் கமராவும் ஊவா மலைகளும்



இலக்கியத் தொடர் ஒன்றில் ஒளிப்படக் கலைக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். மலையகத்தைப் பற்றி நமது எழுத்தாளர்கள் கதைகளும் கவிதைகளும் நிறையவே தந்திருக்கிறார்கள். ஆனால் வெளியுலகம் நமது மலைகளை அறிந்துகொண்டது அவற்றால் அல்ல, படங்களால்தான். தேயிலைப் பெட்டியின் மேல் ஒட்டிய படம், தபாலட்டைப் படம், நாட்காட்டிப் படம், உல்லாசப் பயணத்துறையின் சுவரொட்டி ஆகியவற்றைப் பார்த்தே பலர் பதுளையையும் அப்புத்தளையையும் கற்பனை செய்துகொண்டார்கள். ஆகவே அந்தப் படங்களை எடுத்தவர் யார், அவற்றில் நிற்பவர் யார் என்ற கேள்வி இலக்கியம் பேசுகிறவர்களுக்கும் உரிய கேள்விதான்.

நான் பேச எடுத்துக்கொண்டது தொழில்முறைப் படப்பிடிப்பாளரைப் பற்றியல்ல. இரண்டு நாள் விடுமுறை கிடைத்தால் ஒரு கூடாரத்தையும் கமராவையும் தோளில் போட்டுக்கொண்டு மலையேறிவிடும் பொழுதுபோக்குக் கலைஞரைப் பற்றியே. அந்தப் பைத்தியம் எனக்கும் உண்டு.

கூடாரத்துக்கும் கமராவுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1851இல் பிரடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் ஈரத்தட்டு முறையை வெளியிட்டார். கண்ணாடித் தட்டில் கொலோடியன் என்ற பிசினைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, ஈரம் காய்வதற்குள்ளேயே கழுவியும் விட வேண்டும். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிட வேலை. இருட்டறை வீட்டிலிருந்தால் மலையில் படமெடுக்க முடியாது. எனவே இருட்டறையையே கூடாரமாக்கி மலைக்குக் கொண்டுபோனார்கள். படுத்துறங்குவதற்கு முன்பே கூடாரம் படம் கழுவுவதற்குத் தேவைப்பட்டது.

1860களில் இமயமலைப் பகுதிகளைப் படமெடுத்த சாமுவேல் போர்ன் கண்ணாடித் தட்டுகளையும் இரசாயனப் போத்தல்களையும் கூடாரங்களையும் சுமக்கப் பல பத்துக் கூலியாட்களை அழைத்துச் சென்றார். படத்தில் தெரிவது பனிமலை. அந்தப் பனிமலையைப் படமாக்கச் சுமை சுமந்த முதுகுகள் படத்தின் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. கூலி என்ற சொல்லை நெற்றியில் ஒட்டிக்கொண்டு இந்தத் தீவுக்கு வந்த ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி புதிதாக இராது.

1871இல் மடொக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் உலர்தட்டுக்கு வழி காட்டினார். 1888இல் ஈஸ்ட்மனின் கொடாக் கமரா வந்தது. அதன் பிறகு கூடாரம் இருட்டறையாக இருக்க வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. ஆயினும் படமெடுப்பவர்கள் கூடாரத்தை விடவில்லை. காரணம் வெளிச்சம். மலையில் நல்ல வெளிச்சம் சூரியன் எழுவதற்கு அரைமணி முன்பும், எழுந்த பின் ஒரு மணி நேரமும்தான். நகரத்து விடுதியில் தேநீர் குடித்துவிட்டுப் புறப்படுகிறவர் மேலே வந்து சேரும்போது அந்த வெளிச்சம் போய்விடும். அங்கேயே இரவு தங்கியவருக்குத்தான் அது கிடைக்கும்.

ஊவாவின் வெளிச்சம் தனியான வெளிச்சம். மத்திய மலைத்தொடரின் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூன் முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் ஊவாப் பக்கம் வரண்ட கச்சான் காற்று வீசுகிறது. முகில்கள் மலைமுகட்டைத் தாண்டியதும் கரைந்துபோகின்றன. பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் இடையிலுள்ள சுரங்கத்தை ரயிலில் கடந்தவர்களுக்கு இது தெரியும். அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் வெயில். இதல்கஸ்ஹின்னவில் நிலையத்தின் இரு புறமும் மலை சரிந்து போவதால் இரண்டு காலநிலைகளையும் ஓரிடத்தில் நின்று பார்க்கலாம். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்த மணமும் இந்தக் காற்றில் வாடிய கொழுந்திலிருந்து பிறப்பதே. தேநீருக்கு மணம் தரும் அதே காற்று படத்துக்குத் தெளிவைத் தருகிறது. நமுனுகுல மலை இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் உயர்ந்தது. இந்த மாதங்களில் அதன் முகடுகளை அப்புத்தளையிலிருந்தே எண்ணிவிடலாம்.

ஒக்டோபருக்குப் பின் நிலைமை மாறும். வடகீழ்ப் பருவமழை வரும். பதுளைப் பள்ளத்தில் விடியற்காலையில் பால் ஊற்றியது போல் மூடுபனி நிற்கும். கமராவின் ஒளிமானி அந்த வெண்மையைச் சாம்பல் நிறமென்று கணக்கிட்டுப் படத்தை இருட்டாக்கிவிடும். வெளிச்சத்தை ஒருபடி கூட்டித்தான் எடுக்க வேண்டும். உச்சிவேளையில் தேயிலை இலை தகரம் போலப் பளபளக்கும், நிரைகள் தெரியா. காலைச் சாய்வெயிலில் ஒவ்வொரு நிரையும் தனித்தனியே எழுந்து நிற்கும். இவற்றைப் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் ஒரே இடத்துக்குப் பத்துத் தரம் போனவருக்குத்தான் கை பழகும்.

கூடாரமடிப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. தோட்டத்து நிலத்தில் தங்குவதானால் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும், காட்டில் தங்குவதானால் உரிய திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். வரட்சி மாதங்களில் ஊவாவின் மானாப்புல் மலைகள் ஒரு தீப்பொறிக்கே எரியக்கூடியவை. ஆகவே அங்கே நெருப்பு மூட்டலாகாது. பீலித் தண்ணீர் ஓடும் ஊற்றின் மேற்புறத்தில் கூடாரமடிக்கலாகாது. கீழே ஒரு லயம் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

இனி, படத்தில் நிற்கும் மனிதரைப் பற்றிப் பார்ப்போம்.

ஒளிப்படக் கலை வரலாற்றில் ஜூலியா மார்கரட் கமரன் பெரிய பெயர். 1815இல் கல்கத்தாவில் பிறந்த அவர், நாற்பத்தெட்டாவது வயதில்தான் கமராவைக் கையிலெடுத்தார். அவரும் ஆர்வத்தால் படமெடுக்க வந்தவரே. கவிஞர் டெனிசன், விஞ்ஞானிகள் ஹேர்ஷல், டார்வின் ஆகியோரின் முகங்களை இன்றும் நாம் அவர் எடுத்த படங்கள் வழியாகவே நினைவிற் கொள்கிறோம். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், 1830களில் இலங்கையின் ஆட்சி முறையை மாற்றியமைத்த கோல்புறூக் - கமரன் சீர்திருத்தங்களின் கமரன். இங்கே அவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் தம்பதிகள் இலங்கைக்கு வந்தார்கள். 1879 ஜனவரியில் ஜூலியா திக்கோயாப் பக்கத்தில் காலமாகி, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இலங்கையில் அவர் எடுத்த படங்களில் நமக்குக் கிடைத்திருப்பவை சிலவே. அவற்றில் தோட்டத்துத் தமிழர்களும் இருக்கிறார்கள். அழகான, மரியாதையான படங்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இங்கிலாந்துப் படங்களில் டெனிசன், டார்வின் என்று பெயர் இருக்கிறது. இலங்கைப் படங்களில் பெரும்பாலும் ‘இளம்பெண்’, ‘தோட்டத் தொழிலாளர்’ என்றுதான் இருக்கிறது. முகம் தங்கிவிட்டது, பெயர் போய்விட்டது.

அடுத்து வந்தது தேயிலைக் காலம். 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளையை அடுத்த தம்பதென்னைத் தோட்டத்தை வாங்கினார். தேயிலையைப் பொட்டலத்தில் அடைத்து உலகமெங்கும் விற்ற அவரது விளம்பரங்களில் கொழுந்துக் கூடையோடு நிற்கும் தமிழ்ப் பெண் இடம்பெற்றாள். நூறாண்டுக்கு மேலாக அவள் அப்படியே நிற்கிறாள். லிப்டன் அமர்ந்து பார்த்த உச்சிக்கு இன்று லிப்டன் ஆசனம் என்று பெயர். படமெடுக்க விரும்புகிறவர்கள் விடியுமுன் அங்கே போகிறார்கள். அதே நேரத்தில் பெரட்டுக்குப் போகும் பெண்கள் அதே பாதையில் நடக்கிறார்கள். ஒருவர் வெளிச்சத்துக்காக எழுந்தவர், மற்றவர் பேருக்காக எழுந்தவர். ‘பேர்’ என்றால் தோட்டத்தில் ஒரு நாட்சம்பளம் என்று நேயர்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் இலக்கியத்தின் துணை வேண்டியிருக்கிறது. பதுளை மண்ணில் 1934இல் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்து, அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர் தெளிவத்தை ஜோசப். 2022இல் மறைந்த அவர், ஒற்றைக் காம்பராவில் குடும்பமே உறங்க வேண்டிய அவலத்தை ‘மீன்கள்’ என்ற சிறுகதையில் சொன்னார். தூரத்து மலையில் நின்று பார்க்கும் கமராவுக்கு லயம் என்பது பச்சைக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு. படத்துக்கு அழகு சேர்க்கும் கோடு. அந்தக் கோட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல ஒரு கதாசிரியர் வேண்டியிருந்தது. கமராவைத் தூக்குகிறவர்கள் மலையகக் கதைகளைப் படித்துவிட்டு மலையேறினால் அவர்கள் நிற்கும் இடமே மாறும் என்பது என் நம்பிக்கை.

தோட்டத்து மக்களிடம் படமே இருக்கவில்லை என்று எண்ண வேண்டாம். இருந்தது. ஆனால் அதை எடுக்கச் சொன்னது அரசாங்கம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று இரு நாடுகளும் கணக்குப் போட்டன. விண்ணப்பத்துக்குப் படம், கடவுச்சீட்டுக்குப் படம் என்று எத்தனையோ குடும்பங்கள் பட்டணத்து ஸ்டூடியோவின் படியேறின. தாய், தகப்பன், பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து நின்ற ஒரே படம், பிரிந்து போவதற்காக எடுத்த படமாக அமைந்தது. நாடற்றவர் பிரச்சினைக்கு முடிவு காண 2003இல் ஒரு சட்டம் வந்தது. அதுவரை படம் என்றால் பத்திரத்தில் ஒட்டுவது என்றே பலர் நினைத்திருந்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மலையில் நின்ற ஒரு மூதாட்டியிடம் படமெடுக்கலாமா என்று கேட்டேன். “இந்தக் கோலத்துல வேணாங்க தம்பி. வேல முடிஞ்சி லயத்துக்கு வாங்க, சேலைய மாத்திக்கிட்டு நிக்கிறேன்” என்றார். அந்தியில் போனேன். இஸ்தோப்புச் சுவரில் சாய்ந்து, கையிரண்டையும் தொங்கவிட்டு, சிரிக்காமல் கமராவை நேரே பார்த்து நின்றார். உள்ளே சுவரில் அவருடைய கணவரின் படம் மாலையோடு தொங்கியது. பழைய பத்திரம் ஒன்றிலிருந்து பெரிதாக்கிய படம். ஒரு மூலையில் அலுவலக முத்திரையின் வளைவும் சேர்ந்தே பெரிதாகியிருந்தது. “எனக்கு அப்பிடி வேணாம். இப்பவே நல்லதா ஒண்ணு இருக்கட்டும்” என்றார் அந்த அம்மா.

மூன்று மாதத்தில் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்காட்சிக்கு அந்தப் படத்தை நான் அனுப்பவில்லை. கண்காட்சிப் படத்துக்குரிய ஒளியும் நிழலும் அதில் இல்லை. ஆனால் தம்மை எப்படிப் பார்க்க வேண்டுமென்று தாமே முடிவு செய்த ஒருவரின் படம் அது.

மீரியபெத்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொஸ்லந்தைக்கு அப்பால் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியின் மேற்புறம் கூடாரமடிப்பவர்களுக்கு விருப்பமான இடம். அதற்கு அண்மையில்தான் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்கள் மாற்று வீடு கிடைக்காமல் அங்கேயே இருந்தார்கள். வீடு புதையும்போது வீட்டுச் சுவரில் தொங்கிய படமும் புதைகிறது. உயிர் தப்பியவருக்கு இறந்தவரின் முகம்கூட மிஞ்சுவதில்லை.

பொழுதுபோக்குக் கலைஞரின் பெறுமதி இங்கே தெரிகிறது. தொழில்முறையாளர் ஒரு தரம் வருவார், படம் கிடைத்ததும் போய்விடுவார். ஆசைக்காகப் படமெடுக்கிறவர் அதே மலைக்கு ஆண்டுதோறும் திரும்பி வருகிறார். 1921இல் கட்டிய தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை ஆயிரம் பேர் எடுத்துவிட்டார்கள். ஆனால் ஒரே பாறையில் நின்று ஒரே மலைச்சரிவைப் பத்து ஆண்டுகள் எடுத்து வைத்தவரிடம் காடு எங்கே குறைந்தது, மண் எங்கே வெடித்தது, ஊற்று எங்கே இடம் மாறியது என்பதற்குச் சாட்சியம் இருக்கும். லயத்து மனிதரை எடுத்து ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தவரிடம், புதைந்துபோன முகத்தின் இன்னொரு பிரதி இருக்கும்.

இன்று லயத்துப் பிள்ளைகளின் கையிலேயே கமராவுள்ள தொலைபேசி இருக்கிறது. திருவிழாவை, காமன் கூத்தை, பிள்ளைமடுவத்தை, தங்கள் தாய்மாரை அவர்களே எடுக்கிறார்கள். இது பெரிய மாற்றம். அவர்களிடமும், மலையேறி வரும் நண்பர்களிடமும் நான் கேட்பது சிறிய காரியம்தான். நல்ல படங்களைத் தொலைபேசியில் மட்டும் விட்டுவைக்காமல் கடதாசியில் அச்சிடுங்கள். படத்தின் பின்புறத்தில் பென்சிலால் நான்கு விவரங்களை எழுதுங்கள்: ஆளின் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிசன், திகதி. ஒரு பிரதியை அவரிடமே கொடுங்கள். 1870களில் பெரிய கலைஞர் ஒருவர் எழுதாமல் விட்டதை நாம் எழுதி வைக்க ஒரு நிமிடம் போதும்.